ஏணி வைத்து அரண்மனை பார்த்த கதை

அரண்மனை பார்க்கப் போகிறவர்கள் வழக்கமாக வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். வரிசையில் நின்று டிக்கெட் வாங்குவார்கள். ‘இங்கே படம் எடுக்கக் கூடாது’ என்று பலகை மாட்டியிருக்கும் இடமாகப் பார்த்துப் படம் எடுப்பார்கள். 1812-ம் வருடம் ஜூன் 20-ம் தேதி விடியற்காலையில், ஜாவா தீவின் யோக்யகார்த்தா சுல்தான் அரண்மனையைப் பார்க்கப் போன கோஷ்டி இதில் ஒன்றையும் செய்யவில்லை. இரண்டு நாள் பீரங்கியால் கதவைத் தட்டினார்கள். யாரும் திறக்கவில்லை. மூங்கில் ஏணியை மதிலில் சாத்தி ஏறிக் குதித்தார்கள். மூன்று மணி நேரத்தில் அரண்மனை முழுக்கப் பார்த்து முடித்துவிட்டார்கள். போகும்போது ஞாபகார்த்தமாக எடுத்துப் போனது எட்டு லட்சம் ஸ்பானிய டாலருக்கு மேல்.

இதில் திருவொற்றியூர்க்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இருக்கிறது. அந்தக் கோஷ்டியின் படைத்தலைவர் கப்பல் ஏறியது நம்ம கடற்கரையில். அவரைக் கப்பலுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நம்ம ஆட்கள்.

1811-ல் மெட்ராஸில் துறைமுகம் என்று ஒன்று கிடையாது. கடல் இருந்தது, கரை இருந்தது, நடுவில் அலை இருந்தது. இன்றைக்கு ராஜாஜி சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே அன்றைக்குத் தண்ணீர். கப்பல்கள் ஒரு மைலுக்கு அப்பால் நங்கூரம் போட்டு ஆடிக்கொண்டிருக்கும். அங்கே போக ஒரே வழி மசூலாப் படகு. அதில் ஓர் ஆணிகூடக் கிடையாது. பலகையைப் பலகையோடு தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். அலை அறைந்தால் வளைந்து கொடுக்கும். ஆணி அடித்த ஆங்கிலேயப் படகோ அதே அலையில் விறகாகிவிடும். உலகத்தின் பாதிக் கடலை ஆள்வதாகச் சொல்லிக்கொண்டவர்கள், மெட்ராஸின் கடைசி ஒரு மைலை மட்டும் கோவணம் கட்டிய படகோட்டிகளிடம் விட்டிருந்தார்கள்.

அந்தப் படகோட்டிச் சமூகத்தின் ஊர்தான் ராயபுரம். புனித ராயப்பர் கோயிலை 1820-களில் கட்டியவர்கள் அவர்கள்தான். சொந்தக் காசு, அதனால் யார் என்ன சொன்னாலும் ‘எங்க கோயில்’ என்றே சொன்னார்கள்.

படகு வரைக்கும் போவது எப்படி? ஈரத்தில் இறங்கினால் துரையின் பூட்ஸ் கெட்டுவிடும். ஆகவே படகோட்டி குனிவார், துரை தோளில் ஏறுவார். விருந்தில் யாருக்கு முன்னால் யார் நடப்பது, யாருக்கு எந்த நாற்காலி என்று ராத்திரி முழுக்கச் சண்டை போடும் கனவான்கள், அரிசி மூட்டையாகத் தோளில் தொங்கிக்கொண்டு போவார்கள். “ஆடாத இரு தொரே, கவுந்துட்டா நான் பொறுப்பில்ல” என்று அந்தத் தோளுக்குச் சொந்தக்காரர் கட்டாயம் சொல்லியிருப்பார். எந்தக் கம்பெனி ஆவணத்திலும் இது இல்லை. ஆவணம் எழுதியவர்களும் தோளில்தானே தொங்கினார்கள், எப்படி எழுதுவார்கள்?

ஜாவாவில் நடந்த கலாட்டா பூராவும் நாற்காலி பற்றியது. அதனால்தான் இந்தத் தோளை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.

எதற்காக ஜாவா? நெப்போலியன் ஹாலந்தை விழுங்கிவிட்டார். ஹாலந்திடம் ஜாவா இருந்தது. ஆகவே ஜாவாவும் நெப்போலியன் வயிற்றில். அது ஜீரணம் ஆவதற்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று கவர்னர் ஜெனரல் மின்டோ பிரபு முடிவு செய்தார். சுமார் 12,000 பேர், வெள்ளைக்காரர் பாதி, சிப்பாய்கள் பாதி. தளபதி சாமுவேல் ஆக்மூட்டி. மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதி. மெட்ராஸ் பயோனியர்களும் போனார்கள்; மண் வெட்ட, பள்ளம் தோண்ட, பாலம் கட்ட எப்போதும் நம்ம ஆள்தானே. முதல் பிரிவு 1811 ஏப்ரல் 18-ல் மெட்ராஸிலிருந்து கிளம்பியது. தலைமை, கர்னல் ரோலோ கில்லெஸ்பி.

இந்தக் கில்லெஸ்பியை நமக்குத் தெரியும். 1806 ஜூலை 10, வேலூர்ப் புரட்சி. சிப்பாய்கள் நெற்றிக்குறி இடக்கூடாது, தாடி கூடாது, தோல் பட்டை வைத்த புதுமாதிரித் தலைப்பாகையை மாட்டிக்கொள்ள வேண்டும் என்று மெட்ராஸ் ராணுவம் உத்தரவு போட்டு வாங்கிக் கட்டிக்கொண்ட நாள். ஆற்காட்டிலிருந்து குதிரையில் பாய்ந்து போய், வெள்ளைக்கார வீரர்களின் இடுப்புவாரையெல்லாம் கோத்த கயிற்றைப் பிடித்துக் கோட்டை மேல் ஏறி, அடக்கி, பீரங்கி வாயில் கட்டிச் சுடும் வரைக்கும் கூட இருந்தவர் இவர். கோட்டை என்றாலே வாசல் வழியாக நுழையப் பிடிக்காத ஆசாமி. அந்தக் கோட்டைக்குள்தான் திப்புவின் பிள்ளைகள் அரண்மனை வைத்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதால், ராஜ குடும்பத்து வீட்டுக்கு ஏறிக் குதித்துப் போகும் அனுபவம் அவருக்கு ஜாவாவுக்கு முன்பே இருந்தது.

முதல் பிரிவு போனது நல்ல நேரம். மே 2-ம் தேதி மெட்ராஸில் அடித்த புயலில் டோவர், சிசெஸ்டர் என்ற இரண்டு கடற்படைக் கப்பல்கள் கரையில் மோதி உடைந்தன. கவர்னர் ஜெனரல் ஜாவாவைப் பிடிக்கக் கிளம்பியிருக்கிறார் என்பதெல்லாம் வங்காள விரிகுடாவுக்குத் தெரியாது. மின்டோ பிரபுவும் படையோடு போனார்.

கூடவே போனவர் ஜான் லேடன். மெட்ராஸில் உதவி மருத்துவராக வேலைக்குச் சேர்ந்து, வைத்தியம் தவிர மற்றதெல்லாம் படித்த ஸ்காட்லாந்துக் கவிஞர். ஜாவாக் கரையில் முதல் ஆளாக இறங்க வேண்டும் என்று கடற்கொள்ளைக்காரர் வேஷம் போட்டு, கத்தியும் துப்பாக்கியுமாகத் தண்ணீரில் குதித்தார். எதிரே வந்த படை ஒரு கோழிக் கூட்டம். வீரமாக எதிர்கொண்டார் என்று கூட இருந்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு பட்டேவியாவில் பழைய சுவடிகள் இருக்கின்றன என்று கேள்விப்பட்டு, காற்றே புகாத ஓர் அறைக்குள் நுழைந்து தூசியோடு புரண்டார். காய்ச்சல் கண்டது. ஆகஸ்ட் 28-ல் செத்துப்போனார். கோழிக்குத் தப்பியவரைச் சுவடி கொன்றது.

பட்டேவியா விழுந்தது, டச்சுக்காரர்கள் செப்டம்பரில் கையெழுத்துப் போட்டார்கள். தீவுக்கு லெப்டினன்ட் கவர்னராக வந்து உட்கார்ந்தவர் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே, அந்த வெள்ளைச் சிலை. அப்போது வயது முப்பது. அந்த வயதில் ஒருவரிடம் ஒரு தீவைக் கொடுத்தால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

இனி சுல்தான். இரண்டாம் ஹமங்குபுவோனோ. அவருடைய அரண்மனைக்குக் கிராதோன் என்று பெயர். அவருடைய அப்பா, முதலாம் ஹமங்குபுவோனோ, 1755-ல் மாத்தரம் ராஜ்ஜியம் இரண்டாக உடைந்தபோது தன் பங்குக்குக் கட்டியது. சுற்றளவு மூன்று மைல். அகழி, தூக்குப் பாலம், கொத்தளம், பீரங்கி எல்லாம் உண்டு. உள்ளே ராஜாவோடு ஒரு நகரமே குடியிருந்தது.

ஆனால் அந்த அரண்மனையின் நிஜ மதில், மரியாதை. ஜாவாவில் பெரியவரிடம் பேச ஒரு மொழி, சமமானவரிடம் பேச வேறொரு மொழி; ‘சாப்பிட்டீர்களா’ என்று கேட்பதற்குக்கூட எதிராளியின் அந்தஸ்தை அளந்துகொண்டுதான் வாயைத் திறக்க முடியும். சுல்தான் முன்னால் நிமிர்ந்து நடக்கக் கூடாது. குந்தியபடியே நகர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அரண்மனை உத்தியோகம் சரிப்படாது. யாருக்கு என்ன நிறக் குடை என்பது சட்டம். இடுப்பில் கிரிஸ் என்னும் வளைந்து நெளிந்த குறுவாள். முதுகுப் பக்கம் செருகியிருப்பார்கள், பார்க்கச் சாதுவாக இருக்கும். ஒன்பது பெண்கள் ஆடும் பெடோயோ நடனம் உண்டு. அவ்வளவு மெதுவாக ஆடுவார்கள், நம்ம ஊர் ரசிகர் நடுவில் போய்க் காபி சாப்பிட்டு வந்தால் அதே கை அதே இடத்தில் இருக்கும். பக்கத்து ராஜ்ஜியமான சுரகார்த்தாவில் அந்த ஒன்பது பேரோடு பத்தாவதாகத் தென்கடலின் ராணியே வந்து ஆடுவாள் என்று நம்பிக்கை. கடல் ராணி ஜாவா ராஜாக்கள் ஒவ்வொருவருக்கும் மனைவி. ராஜாக்கள் மாறுவார்கள், அவள் மாறமாட்டாள்.

இந்த அரண்மனைக்குள் டச்சுக்காரர்கள் அரை நூற்றாண்டாகப் போய் வந்தார்கள். அவர்களுடைய ரெசிடென்ட் தொப்பியைக் கழற்ற வேண்டும், சுல்தானுக்குத் தன் கையால் மது ஊற்ற வேண்டும், வெற்றிலைச் சேவகம் பார்க்க வேண்டும், தாழ்ந்த இடத்தில் உட்கார வேண்டும். வியாபாரிகள், மிளகும் காப்பியும் வந்தால் சரி என்று செய்தார்கள். 1808-ல் நெப்போலியன் ஆளாக வந்த கவர்னர் ஜெனரல் டேண்டல்ஸ் இதைப் பார்த்துக் கொதித்துப்போனார். உடனே ஓர் உத்தரவு: இனி ரெசிடென்ட் தொப்பியைக் கழற்றமாட்டார், மது ஊற்றமாட்டார், அவருக்கும் ஒரு குடை உண்டு, சுல்தானுக்குச் சமமான உயரத்தில்தான் உட்காருவார். ஹாலந்துக்கு ஆயிரம் பிரச்சினை இருந்த காலத்தில், நாற்காலிக்கால் எத்தனை அங்குலம் என்பதற்கு அரசாணை வந்தது. பாமர ஜனங்கள் சிரித்திருப்பார்கள். சுல்தான் சிரிக்கவில்லை. அவருக்குப் புரிந்தது: இவன் நாற்காலியைக் கேட்கவில்லை, நாட்டைக் கேட்கிறான்.

சுல்தான் முறைத்தார். டேண்டல்ஸ் 1810 கடைசியில் படையோடு வந்து அவரை இறக்கி, மகனை உட்கார வைத்தார். அடுத்த வருடம் ஆங்கிலேயர் வந்து டச்சுக்காரர்களை விரட்டியதும், ‘உன் எஜமானே போய்விட்டான், இறங்கு’ என்று மகனை இறக்கிவிட்டு அப்பா மறுபடி ஏறினார். ஏறிய கையோடு, தன்னைக் காட்டிக்கொடுத்த திவானின் கணக்கையும் அரண்மனைக்குள் வைத்தே முடித்தார்.

1811 டிசம்பர். ராஃபிள்ஸ் அரண்மனை விசிட். கொஞ்சம் ஆட்களோடுதான் போனார். தர்பார் மண்டபத்தில் ஆயிரக்கணக்கில் ஆயுதம் தாங்கியவர்கள். சுல்தான் தன் ஆசனம் ஒரு படி உயரமாக இருக்கும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தார். ஆங்கிலேயர்கள் உட்காரமாட்டோம் என்றார்கள். அவர் இறங்கமாட்டேன் என்றார். முதுகுப் பக்கம் சாதுவாக இருந்த கிரிஸ்கள் உறையை விட்டு வெளியே வந்தன. இரண்டு பேரரசுகள், ஒரு மேடை, சில அங்குலம். கல்யாண வீட்டில் சம்பந்தி நாற்காலிக்கு நடக்கும் தகராறில்கூட யாராவது ஒரு மாமா நடுவில் வந்து ‘விடுங்கப்பா, பாயைப் போடு, எல்லாரும் கீழ உக்காரலாம்’ என்பார். அங்கே அப்படி ஒரு மாமா இல்லை. எப்படியோ ரத்தம் சிந்தாமல் சமாளித்து, மறுநாள் ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ராஃபிள்ஸ் திரும்பினார். ஆனால் அந்தச் சில அங்குலத்தை அவர் மறக்கவில்லை.

அடுத்த ஜூனில் காரணம் கிடைத்தது. யோக்யகார்த்தா சுல்தானும் சுரகார்த்தா மன்னரும் ஆங்கிலேயருக்கு எதிராக ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்று தெரியவந்தது. கில்லெஸ்பி வந்தார். மதில் இருந்தது. ஏணி கிடைத்தது. மீதியை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

சேர்த்துச் சொல்ல வேண்டியது, கொள்ளை. அது நாட்கணக்கில் நடந்தது. மாட்டு வண்டியிலும் கூலியாட்கள் தலையிலும் அரண்மனை வெளியேறியது. பரிசுத் தொகை என்று கௌரவமாகப் பெயர் வைத்துப் பதவி வரிசைப்படி பங்கு பிரித்தார்கள். கில்லெஸ்பிக்குக் கையில் குண்டுக் காயம். அதே கையில் பெரும் பங்கு. படையெடுப்பில் சிப்பாய்களை அதிகமாகப் பார்த்ததாலோ என்னவோ, யோக்யகார்த்தா மக்கள் அந்த அமளிக்குச் சிப்பாய்களின் பெயரையே வைத்துவிட்டார்கள். உத்தரவு போட்டவன் பெயர் சிங்கப்பூரில் ஹோட்டலுக்கு. ஏணி தூக்கியவன் பெயர் கொள்ளைக்கு. இது வங்காளச் சிப்பாய்களுக்கு நேர்ந்த அநியாயம்.

சுவடிகளும் போயின. அரண்மனை நூலகத்தையே காலி செய்தார்கள். அந்த இடத்தில் நமக்குத் தெரிந்த இன்னொரு மெட்ராஸ்காரர் வருகிறார்: காலின் மெக்கன்சி. 1810-ல் மெட்ராஸின் முதல் சர்வேயர் ஜெனரல். தென்னிந்தியா முழுக்க ஊர் ஊராக ஆள் அனுப்பி, கல்வெட்டு, ஓலை, கிராமக் கதை என்று அகப்பட்டதையெல்லாம் திரட்டிய மனிதர். தமிழ்நாட்டில் அவர் ஓலைக்குக் காசு கொடுத்தார், நகல் எடுத்தார், நயமாகப் பேசி வாங்கினார். ஜாவாவுக்குத் தலைமைப் பொறியாளராகப் போனவருக்கு யோக்யகார்த்தாவில் அந்தச் சிரமமெல்லாம் இல்லை. கதவில்லாத நூலகம். ராஃபிள்ஸுக்குக் கொஞ்சம், ரெசிடென்ட் கிராஃபர்டுக்குக் கொஞ்சம், மெக்கன்சிக்குக் கொஞ்சம். 1812 நவம்பரில், ஐம்பத்தெட்டு வயதில், பட்டேவியாவில் பெட்ரோனெல்லா என்ற டச்சுப் பெண்ணைக் கல்யாணமும் செய்துகொண்டார். வாழ்நாளெல்லாம் கல்லையும் ஓலையையும் தடவிக்கொண்டிருந்தவருக்கு ஜாவாவில்தான் யோகம் அடித்தது. 1821-ல் அவர் இறந்த பிறகு, அந்த அம்மாள் மொத்தச் சேகரிப்பையும் கம்பெனிக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்றார். தமிழ்ச் சுவடிகள் பல இன்றும் சென்னை கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இருக்கின்றன. ஜாவாச் சுவடிகள் லண்டனில். 2019-ல் பிரிட்டிஷ் நூலகம் 75 சுவடிகளின் டிஜிட்டல் நகலை இன்றைய சுல்தானிடம் மரியாதையாகக் கொடுத்தது. அசல் லண்டனிலேயே பத்திரமாக இருக்கிறது. திருப்பிக் கேட்டால் பத்திரமாக இருக்காது என்று பயமோ என்னவோ.

அரண்மனைக்குள்ளே இருந்தபடியே இதையெல்லாம் பார்த்து எழுதியவர் ஒருவர் உண்டு. இளவரசர் பானுலார், சுல்தானின் தம்பி. வீடு பறிபோகிறது, அண்ணனைப் பிடித்துப் போகிறார்கள், இவர் செய்யுளில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறார். அந்தச் சுவடியையும் கிராஃபர்ட் எடுத்துப் போய்விட்டார் என்பதுதான் இதில் உச்சம்.

சுல்தான் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டார். இறக்கிவிட்ட மகன் மறுபடி ஏறினார். கிழவர் அசரவில்லை. பினாங்கிலிருந்து திரும்பி, மறுபடி அம்போனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1826-ல் டச்சுக்காரர்களே கையைப் பிடித்து அழைத்து வந்து மூன்றாவது முறையாகச் சிம்மாசனத்தில் உட்கார வைத்தார்கள். வெளியே திபநெகர இளவரசரின் கலகம் எரிந்துகொண்டிருந்தது. சொன்னபடி உட்கார ஒரு ராஜா தேவைப்பட்டார். இரண்டு வருடம் ஆவதற்குள் சிம்மாசனத்திலேயே போய்ச் சேர்ந்தார். மூன்று முறை பதவி, இரண்டு முறை நாடு கடத்தல். நம்ம அரசியலில் பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்குக்கூட இது கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு துணுக்கு: சுரகார்த்தாவில் காவலுக்கு வைத்த வங்காளச் சிப்பாய்கள் மூன்று வருடத்தில் அங்கேயே கலந்துவிட்டார்கள். பிரம்பானன் கோயில்களைப் பார்த்து, இது நம்ம ராமன் நாடுதானே என்று உருகினார்கள். அவர்கள் பூஜைக்கு மன்னரே வந்தார், விக்கிரகங்கள் கொடுத்து உதவினார். 1815-ல் மன்னரும் சிப்பாய்களும் சேர்ந்து வெள்ளைக்காரர்களைத் தீர்த்துக்கட்டத் திட்டம் போட்டார்கள். வழக்கம்போலச் செய்தி கசிந்தது. சிப்பாய்த் தலைவர்களைச் சுட்டார்கள், மன்னரை விட்டுவிட்டார்கள்.

சரி, கம்பெனிக்காரன் அக்கிரமக்காரன், நாம் யோக்கியமா? 1025-ல் ராஜேந்திர சோழன் கப்பல் கப்பலாக ஆளை அனுப்பி ஸ்ரீவிஜயத்தை அடித்தான். அது ஜாவா இல்லை, அடுத்த தீவு சுமத்ரா. கடாரம் அதற்கு எதிர்க்கரை. ராஜாவையும் யானையையும் பிடித்ததோடு நிற்காமல், வித்தியாதரத் தோரணம் என்ற அலங்கார வாசலையும் மணி பதித்த கதவுகளையும் பெருமையாக மெய்க்கீர்த்தியில் பட்டியல் போட்டுக்கொண்டான். கில்லெஸ்பி கதவை விட்டு மதிலேறிக் குதித்தார், ராஜேந்திரன் கதவையே கொண்டுவந்தான்; அவ்வளவுதான் வித்தியாசம். பாடப் புத்தகத்தில் ஒன்று கொள்ளை, மற்றது கடாரம் கொண்ட வீரம். இதில் லாபம் அடைந்தவர் கிழக்கு ஜாவாவின் ஏர்லாங்கா மன்னர். தன் எதிரியை யாரோ ஊர் பேர் தெரியாதவர்கள் வந்து அடித்துவிட்டுப் போனதால் சுகமாக ராஜ்ஜியத்தை விரித்துக்கொண்டார். அவர் நன்றி சொன்னதாகக் கல்வெட்டு எதுவும் இல்லை.

அந்த ராஜேந்திரன் காலத்தில்தான் எங்கள் திருவொற்றியூர்க் கோயிலுக்குக் கருங்கல் விமானம் எழுந்தது. கட்டியவர் ரவி என்கிற வீரசோழத் தச்சன். ராஜாக்கள் வந்துபோகும் இடமாக இருந்த ஊர் இது. அரண்மனைக்கு விருந்தாளியாகப் போவது எப்படி என்று ராஃபிள்ஸுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரு ராஜாவும் இங்கே வந்திருக்கிறான்: மூன்றாம் ராஜராஜன்.

ராஜராஜன் என்றதும் தஞ்சாவூரை நினைக்காதீர்கள். இவன் அந்தப் பெயரின் கடைசிப் பதிப்பு. 1231-ல் காடவன் கோப்பெருஞ்சிங்கன் இவனைப் பிடித்துச் சேந்தமங்கலத்தில் அடைத்து வைத்தான். போசள மன்னனின் தளபதிகள் வந்து மீட்டுக் கொடுத்தார்கள். அவமானம் ஆறுவதற்குள், தன் 19-ம் ஆட்சியாண்டில் திருவொற்றியூருக்கு வந்தான். கோயிலில் ராஜராஜன் திருமண்டபத்தில் உட்கார்ந்து, உறவாக்கின தலைக்கோலி என்ற கலைஞரின் அகமார்க்க ஆட்டத்தைப் பார்த்தான். பார்த்துவிட்டு மணலியில் 60 வேலி நிலத்தைக் கொடுத்து, அதற்கு உறவாக்கின நல்லூர் என்று அவள் பெயரையே வைத்தான். கல்வெட்டு சொல்கிறது. 60 வேலி என்றால் 400 ஏக்கர். சிறையிலிருந்து வந்து நாலு வருடம் ஆகாத ராஜா, கஜானாவில் என்ன இருந்திருக்கும்? ஆனாலும் உட்கார்ந்த இடத்திற்கு வாடகையாக அத்தனை கொடுத்தான். இவனுக்கு ஏணி தேவைப்படவில்லை, ஆசன உயரம் பற்றியும் புகார் இல்லை. அதே மணலியில் இப்போது எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை. 400 ஏக்கரையும் ஆட்டத்துக்காகக் கொடுத்த ஊரில் இன்று ஜன்னலைத் திறந்தால் வருவது கந்தக வாசனை.

உட்காரும் இட விவகாரம் எங்கள் சுவாமி தியாகராஜருக்கும் தெரியும். சுந்தரர் இங்கே சங்கிலியாரைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். அவருக்கோ திருவாரூரில் பரவையார் இருக்கிறார். ஆகவே சிவனிடம் தனியாகப் போய், “நான் சன்னதியில் சத்தியம் பண்ணும்போது நீர் கொஞ்சம் மகிழ மரத்தடியில் போய் உட்காரும்” என்று ஏற்பாடு செய்தார். சுவாமி சரி என்று தலையாட்டிவிட்டு, நேரே சங்கிலியாரிடம் போய், “சன்னதியில் வேண்டாம், மகிழ மரத்தடியில் சத்தியம் கேள்” என்று சொல்லிவிட்டார். மனிதர் மாட்டிக்கொண்டார். சத்தியம் செய்தார், பிறகு மீறினார், ஊர் எல்லையைத் தாண்டியதும் கண் போனது. ஆசனத்தை மாற்றி அரசியல் செய்வதில் டேண்டல்ஸ், ராஃபிள்ஸ் எல்லாம் தியாகராஜரிடம் பாடம் கேட்க வேண்டும். மாசிப் பெருவிழாவில் மகிழடி சேவை என்று இதை இன்றும் நடத்திக் காட்டுகிறோம். தியாகராஜரின் 18 திருநடனமும் அப்போதுதான். சன்னதியில் இருக்கும் ஆதிபுரீஸ்வரரோ வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருப்பார். கார்த்திகைப் பௌர்ணமியிலிருந்து மூன்று நாள் மட்டும் கவசம் களைந்து புனுகு, சாம்பிராணித் தைலக் காப்போடு காட்சி. எந்த ராஜாவும் இவ்வளவு கண்டிப்பாகத் தர்பார் நடத்தியதில்லை.

சென்னையில் உயிருள்ள அரண்மனை இன்னொன்றும் இருக்கிறது, ராயப்பேட்டை அமீர் மகால். ஆற்காடு இளவரசர் குடும்பம் இன்றும் வாழ்கிறது. கடைசி நவாப் 1855-ல் வாரிசில்லாமல் இறந்ததும் பட்டத்தை ஒழித்துவிடலாம் என்று யோசனை சொன்னவர் கவர்னர் ஹாரிஸ் பிரபு. அடுத்த வருடமே ராயபுரம் ரயில் நிலையத்தைத் திறந்து வைத்தவரும் அவர்தான். முதல் ரயில் எங்கே போனது தெரியுமா? ஆற்காட்டுக்குப் பக்கத்தில் வாலாஜா ரோடு. நவாப்பை எடுத்துவிட்டு நவாப் ஊருக்கு ரயில் விட்டார்கள். 1867-ல் மனசு கேட்காமல் விக்டோரியா மகாராணி ‘ஆற்காடு இளவரசர்’ என்று புதுப் பட்டம் கொடுத்தார்.

யோக்யகார்த்தாவின் கதை இதைவிட நன்றாக முடிந்திருக்கிறது. பத்தாம் ஹமங்குபுவோனோ இப்போது சுல்தான் மட்டுமில்லை, அந்த மாகாணத்தின் கவர்னரும் அவரே. 2012-ல் சட்டமே போட்டுவிட்டார்கள். தேர்தல் கிடையாது. கிராதோனுக்குள் பகலில் யாரும் டிக்கெட் வாங்கிப் போகலாம். கோடு போட்ட சட்டை, தலையில் பிளாங்கோன், முதுகில் கிரிஸ், வெறுங்கால் என்று அப்டி தாலம் எனப்படும் அரண்மனைச் சேவகர்கள் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார்கள். சம்பளம் பெயருக்குத்தான், அரண்மனையின் ஆசீர்வாதம்தான் வருமானம் என்பார்கள். சுல்தானின் பட்டமேற்பு நாளையொட்டித் தென்கடல் ராணிக்குச் சீர் அனுப்புவார்கள்: பட்டுத் துணி, பூ, கூடவே சுல்தான் வெட்டிய நகமும் முடியும். இத்தனை வருஷமாக நகத்தை வாங்கிக்கொண்டு கோபப்படாமல் இருக்கும் மனைவி கடலில்தான் கிடைப்பாள். பெண்ணுக்கும் நல்ல காலம் வந்திருக்கிறது: ஆண் வாரிசு இல்லாத சுல்தான் 2015-ல் மூத்த மகளை அடுத்த வாரிசு அந்தஸ்துக்கு உயர்த்தினார். தம்பிமார்கள் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கில்லெஸ்பி 1814 அக்டோபரில் நேபாளப் போரில், இன்னொரு கோட்டை வாசலில் குண்டடிபட்டுச் செத்தார். கலுங்கா என்ற அந்தக் கோட்டை அவருக்குக் கடைசி வரை திறக்கவில்லை.

ஜாவா போக வசதியுள்ளவர்கள் காலையிலேயே கிராதோன் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் சாத்திவிடுவார்கள். மற்றவர்கள் கார்த்திகைப் பௌர்ணமிக்கு இங்கே வாருங்கள். மெட்ரோவில் திருவொற்றியூர் தேரடி நிலையத்தில் இறங்க வேண்டும். அந்த மூன்று நாளும் கூட்டம் நெரியும், வரிசை தெருவரைக்கும் வரும். உட்கார இடம் கிடைக்காது. கேட்டுச் சண்டை போடாதீர்கள்.